ஒழுகையும் இழுவையும்: மரவெட்டுத் தொழிலில் எருதும் யானையும் – நயினார்கோவில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் மரவெட்டு வரலாறு இதுவரை மரங்களின் வரலாறாகவும் வனத்துறை அலுவலர்களின் வரலாறாகவுமே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. வெட்டிய மரத்தை இடம்பெயர்த்த விலங்குகள் அவ்வரலாற்றில் செலவுக் கணக்காக மட்டும் இடம்பெறுகின்றன. எந்திர ஊர்திகள் வருவதற்கு முன்பு, எந்த மரம் வெட்டப்படும், எந்த அளவில் துண்டாக்கப்படும், எவ்வளவு தொலைவு செல்லும் என்பவற்றைத் தீர்மானித்ததில் இழுவை விலங்கின் ஆற்றலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பெருங்காடு இல்லாத நயினார்கோவில் வட்டாரச் சமவெளி நோக்குநிலையாகக் கொள்ளப்படுகிறது. அச்சமவெளியின் பனையும் கருவேலும், ஆனைமலைத் தேக்கு, கடல்கடந்து வந்த பர்மாத் தேக்கு என்னும் மூன்று நிலைகளில் எருதும் யானையும் ஆற்றிய பணி ஒப்பிடப்படுகிறது. சங்க இலக்கியச் சான்றுகளும் இழுவை சார்ந்த தமிழ்ச் சொற்களும் துணையாகின்றன.

திறவுச்சொற்கள்: ஒழுகை, பகடு, நுகம், யானை, தேக்கு, பனை, ஆனைமலை, நயினார்கோவில்.

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தில் பரமக்குடிக்கு அருகில் வைகைப் படுகையில் அமைந்த ஊர் நயினார்கோவில். நாகநாதர் திருக்கோயிலால் அறியப்படும் இவ்வூரைச் சூழ்ந்த நிலம் கண்மாய்ப் பாசனத்தை நம்பியது. மழை குறைந்த இச்சமவெளியில் தேக்கும் வேங்கையும் செறிந்த காடு இல்லை. பனையும், கண்மாய் உட்புறங்களில் வளரும் கருவேலும், புளி, வேம்பு, பூவரசு முதலியனவும் இங்குள்ள மரவளம். எனினும் வீட்டுக் கூரை, ஏர், வண்டி, கதவு, கோயில் தேர் ஆகிய அனைத்திற்கும் மரம் தேவைப்பட்டது. உள்ளூரில் கிடைத்தது போக எஞ்சியது வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். ஆகவே மரத்தின் இடப்பெயர்ச்சியை ஆராய, மரம் விளையும் மலையைவிட மரம் வந்துசேரும் சமவெளி பொருத்தமான நோக்குநிலையாகிறது.

மரம் கனமான பண்டம். நெல்லையோ உப்பையோ மூட்டைகளாகப் பிரித்து ஏற்றலாம். உத்தரத்திற்குரிய மரத்தைப் பிரித்தால் அது உத்தரமாகாது. இப்பண்பே மரவெட்டுத் தொழிலை இழுவை ஆற்றலோடு இறுகப் பிணைத்தது.

சங்க இலக்கியத்தில் மரமும் இழுவையும்

தமிழிலக்கியத்தில் வண்டி இழுவைக்கு மிகுதியான சான்று உமணர் பற்றிய பாடல்களில் கிடைக்கிறது. உப்பு வண்டிகளின் தொடர் 'ஒழுகை' எனப்பட்டது. ஒழுகு என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், ஒன்றன்பின் ஒன்றாக நீர்போல் செல்லும் வண்டி வரிசையைக் கண்முன் நிறுத்துகிறது. மேடுபள்ளம் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என்பதால் மாற்று அச்சொன்றை வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் வழக்கத்தை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (102) உவமையாக்குகிறது. முறிவு எதிர்பாராத நேர்வாகக் கருதப்படவில்லை. பயணத்தின் இயல்பான கூறாகவே கருதப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

திருக்குறளிலும் இழுவையின் இரு பக்கங்கள் பதிவாகியுள்ளன. இடையூறு நேரும் இடமெல்லாம் தளராது இழுத்துச் செல்லும் பகடு, இடுக்கண் அழியாமைக்கு உவமையாகிறது (624). மென்மையான மயிற்பீலியே ஆயினும் அளவு மிகுந்தால் வண்டியின் அச்சு இறும் என்பது வலியறிதலுக்கு எடுத்துக்காட்டாகிறது (475). முன்னது விலங்கின் முயற்சியைப் போற்றுகிறது. பின்னது பாரத்தின் எல்லையை உணர்த்துகிறது. இழுவைத் தொழிலின் அறிவு முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையில் அடங்கும்.

மரத்தை யானை இழுத்தமைக்கான பழந்தமிழ்ச் சான்று பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் உள்ளது. பரணரால் பாடப்பட்ட சேரன் செங்குட்டுவன், மோகூர் மன்னன் பழையனின் காவல்மரமாகிய வேம்பை வெட்டி, அதை முரசு செய்வதற்காகக் களிறுகள் பூட்டிய ஒழுகையில் கொண்டுசென்றான் என்பது அப்பத்தின் பாடலொன்றால் (44) அறியப்படுகிறது. பகைவர் மகளிரின் கூந்தலைத் திரித்த கயிற்றால் யானைகள் பூட்டப்பட்டன என்னும் செய்தியை அப்பத்தின் பதிகம் சேர்க்கிறது. மோகூரை மதுரைக்கு அருகிலுள்ள திருமோகூர் எனக் கொள்வர். வைகைப் படுகையின் மேற்பகுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இச்செய்தி மூன்று வகையில் கருதத்தக்கது.

முதலாவதாக, இது தொழில்முறை மரவெட்டு அன்று. வெட்டப்பட்டது ஒரே மரம். நோக்கம் வெற்றியைக் காட்சிப்படுத்துவது. இரண்டாவதாக, இங்கு யானை மரத்தைத் தரையில் இழுக்கவில்லை. எருதுபோல் வண்டியில் பூட்டப்பட்டது. உப்பு வண்டிக்கு வழங்கிய ஒழுகை என்னும் சொல்லே இங்கும் வருவது, எருதின் இழுவைமுறை யானைக்கும் ஏற்றிச் சொல்லப்பட்டதைக் காட்டுகிறது. மூன்றாவதாக, கயிற்றின் சிறப்பு தனித்து எடுத்துரைக்கப்படுகிறது. கூந்தற்கயிறு என்பது இழிவுபடுத்தும் நோக்கில் அமைந்த மிகைக்கூற்றாக இருக்கலாம். ஆயினும் யானை இழுவையில் விலங்கின் வலிமைக்கு நிகராகப் பூட்டுக்கயிறும் இன்றியமையாதது என்னும் நடைமுறை அறிவு அதன் அடியில் உள்ளது.

போருக்கும் அரச உலாவுக்கும் உரிய யானை மரத்தொழிலுக்கு உரியதாக மாறியது மிகப் பிற்கால நிகழ்வு. எனினும் யானையைப் பிடிப்பது, பழக்குவது ஆகியவற்றின் தொழில்நுட்பம் பழமையானது. குழியில் வீழ்ந்த களிறு கரையை இடித்து வெளியேறித் தன் பிடியை அடைவதைப் பட்டினப்பாலை கரிகாலனுக்கு உவமையாக்குகிறது. யானைப் பாகர் வடமொழிச் சொற்களைக் கூறி யானையைப் பயிற்றும் காட்சி முல்லைப்பாட்டில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டிலும் கோயம்புத்தூர், மலபார்க் காடுகளில் குழிமுறையே யானை பிடிக்கும் வழியாக இருந்தது.

சமவெளி: எருதின் அளவுக்கு அமைந்த மரம்

நயினார்கோவில் வட்டாரத்தில் மரத்தை இடம்பெயர்த்தது எருதே. அதன் ஆற்றலை எளிய கணக்கால் மதிப்பிடலாம். எருது தொடர்ந்து உழைக்கும்போது தன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசையைச் செலுத்தவல்லது என்பது பொதுவான மதிப்பீடு. ஒவ்வொன்றும் 400 கிலோ எடையுள்ள இரண்டு எருதுகள் சேர்ந்து சுமார் 80 கிலோ அளவு இழுவிசை தரும். வெறுந்தரையில் உரசிச் செல்லும் கட்டையின் உராய்வு அதன் எடையில் பாதி எனக் கொண்டால், அச்சோடியால் தொடர்ந்து இழுக்கக்கூடிய கட்டை 160 கிலோ மட்டுமே. அதே சோடி, இறுகிய சமதளப் பாதையில் சக்கர வண்டியில் ஒரு டன் வரை கொண்டுசெல்லும். ஆகவே சமவெளியில் மரத்தொழிலின் அடிப்படை விதி, மரத்தை வெட்டிய இடத்திலேயே சிறிதாக்கி வண்டியில் ஏற்றுவது என்பதாயிற்று.

பனைமரம் இவ்விதிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. முதிர்ந்த பனையின் புறப்பகுதி மட்டுமே வைரம். உட்பகுதி மென்மையான சோறு. எனவே பனையை முழுமரமாக வண்டியேற்றத் தேவையில்லை. வீழ்த்திய இடத்திலேயே ஆப்பு அடித்து நெடுக்காகப் பிளந்து, சோற்றை நீக்கி, பனங்கைகளாகச் செதுக்கிக்கொள்ளலாம். முழுமரம் அரை டன்னுக்கு மேல் எடை கொண்டதாயினும், கைகளாகப் பிரிந்தபின் ஒவ்வொன்றும் ஆட்கள் தூக்கி ஏற்றும் அளவினதாகிறது. இராமநாதபுரக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் பனங்கை கூரைமரமாகப் பரவலாக வழங்கியதற்கு மரத்தின் உறுதியோடு இந்த இடப்பெயர்ச்சி எளிமையையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம்.

கருவேலின் நிலை வேறு. அது நீளமான உத்தரம் தருவதில்லை, ஆனால் கடினமானது. ஏருக்கும் வண்டிச் சக்கரத்தின் உறுப்புகளுக்கும் அது பயன்பட்டது. எருது இழுத்துவந்த கருவேலே மீண்டும் எருது இழுக்கும் கருவியாயிற்று. குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு என விரியும் வண்டிச் சொற்றொகுதி, தச்சர், கொல்லர், உழவர் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்ட மொழியாகும். இவற்றுள் நுகமும் அச்சும் சங்க காலம் முதல் வழங்கிவருபவை.

இத்தொழில் வேளாண்மையின் இடைவெளியில் நிகழ்ந்தது. உழவுக்காலத்தில் எருது வயலுக்கு உரியது. அறுவடை முடிந்து, கண்மாய் வற்றி, வண்டிப்பாதை இறுகும் மாதங்களே மரம் கொண்டுவர ஏற்றவை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேலை வெட்டி வண்டியேற்ற அதன் தரை காய்ந்திருக்க வேண்டும் என்பது வெளிப்படை. வெட்டும் பருவத்தை மரத்தின் முதிர்ச்சி மட்டும் தீர்மானிக்கவில்லை. எருதின் ஓய்வும் தரையின் உலர்வும் சேர்ந்தே தீர்மானித்தன.

ஆனைமலை: எருதின் எல்லையும் யானையின் தொடக்கமும்

பெருமரக் காடுகளில் நிலைமை மாறுகிறது. ஆறு மீட்டர் நீளமும் அறுபது சென்டிமீட்டர் விட்டமும் உடைய தேக்குக் கட்டையின் கனஅளவு ஏறத்தாழ 1.7 கன மீட்டர். பச்சை மரமாயின் அதன் எடை ஒன்றரை டன்னைத் தாண்டும். மலைச்சரிவில் சக்கரத்திற்கு வழியில்லை. பல எருதுச் சோடிகளைத் தொடர்ச்சியாகப் பூட்டினாலும், மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றைத் தடத்தில் அவற்றின் விசை ஒருமுகப்படுவது அரிது. கட்டையைப் புரட்டவும் தூக்கவும் குவிக்கவும் எருதால் இயலாது. இவ்விடத்தில்தான் யானை இன்றியமையாததாயிற்று.

கம்பெனி அரசு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்த் தேக்கின்மீது முற்றுரிமை கொண்டிருந்தது. 1806இல் தொடங்கிய அம்முறை 1823இல், தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்தபோது, கைவிடப்பட்டது. கப்பல் கட்டும் தேக்கின் தேவை குறையவில்லை. 1840களின் இறுதியில் ஆனைமலைத் தேக்குக் காடுகளில் அரசு நேரடியாக வெட்டுவேலையைத் தொடங்கியது. ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படை அலுவலர் அதற்குப் பொறுப்பேற்றார். பம்பாய்க் கப்பற்கட்டுத் துறைக்கு அம்மரம் அனுப்பப்பட்டது. 1856இல் ஹியூ கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். அதே ஆண்டு சென்னையிலிருந்து இருப்புப்பாதைப் போக்குவரத்தும் தொடங்கியது. 1862இல் அப்பாதை மேற்குக் கரையிலுள்ள பேப்பூர் வரை நிறைவுற்றபோது, தண்டவாளக் கட்டைகளின் தேவை கப்பல் மரத்தின் தேவையோடு சேர்ந்துகொண்டது.

ஆனைமலையில் மரத்தின் பயணம் மூன்று கட்டங்களாக அமைந்தது. வெட்டிய இடத்திலிருந்து மலைவிளிம்பு வரை யானையும் எருதும் இழுத்தன. விளிம்பிலிருந்து மரம் சரிவில் கீழே உருட்டிவிடப்பட்டது. அடிவாரத்திலிருந்து சமவெளிக்கு எருதுவண்டி ஏற்றிச்சென்றது. நடுக்கட்டத்தின் நினைவே டாப்சிலிப் என்னும் இடப்பெயரில் நிலைத்துள்ளது. முதற்கட்டமும் இறுதிக்கட்டமும் விலங்கின் உழைப்பு, இடைக்கட்டம் புவியீர்ப்பு. விலங்கு செய்ய இயலாததைச் சரிவு செய்தது. சரிவு இல்லாத இடங்களில் மரம் வெட்டப்படாமல் நின்றது. எட்டாத பள்ளத்தாக்குகளின் காடு நெடுங்காலம் எஞ்சியதை இந்நோக்கில் விளங்கிக்கொள்ளலாம்.

யானையின் உழைப்புக்கும் எல்லை உண்டு. அதன் தோலில் கால் நகங்களை ஒட்டிய பகுதி தவிர வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெப்பத்தைத் தணிக்க நிழலும் நீரும் வேண்டும். ஆகவே காலை நேரமே வேலைக்கு உகந்தது. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் பசுந்தீவனம் தேவைப்படும். வேலை முடிந்தபின் காலில் சங்கிலியிட்டுக் காட்டில் மேயவிடுவதே அதற்கு வழி. காடு அழிந்தால் யானையின் தீவனமும் அழியும். இழுவை யானை, தான் இழுக்கும் மரங்களின் காட்டையே நம்பி வாழ்ந்தது என்னும் முரண் இம்முறையின் உள்ளேயே இருந்தது.

யானையோடு உழைத்த மனிதரையும் இங்குக் கருத வேண்டும். ஆனைமலையில் பாகர் பணியில் மலசர் சமூகத்தினர் தலைமுறைகளாக ஈடுபட்டுள்ளனர். முகாம் வழக்கில் யானைக்குப் பொறுப்பானவர் மாவுத்தர்; அவருடைய துணையாளர் காவடி. மாவுத்தர் என்பது மகாமாத்திர என்னும் வடசொல்லின் திரிபாக வந்தது. பழக்கிய துணை யானையைக் குறிக்கும் கும்கி, உதவி என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லோடு தொடர்புடையது. ஆனால் யானையை அடக்கும் கருவியைக் குறிக்கும் தோட்டி சங்க வழக்கு. முல்லைப்பாட்டில் வடமொழிச் சொல்லால் யானை பயிற்றிய பாகரும், பல மொழிச் சொற்களைக் கலந்து வழங்கும் இன்றைய முகாமும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. யானைத் தொழில் எக்காலத்தும் எல்லை கடந்து பரவிய தொழில். அதன் சொற்களும் அவ்வாறே பரவின.

கடல்கடந்த தேக்கு

1910இல் உருவாகி 1985 வரை நீடித்த பழைய இராமநாதபுரம் மாவட்டம் காரைக்குடி, தேவகோட்டை உள்ளிட்ட செட்டிநாட்டையும் தன்னுள் கொண்டிருந்தது. நகரத்தார் வளவுகளின் தூண்களும் உத்தரங்களும் நிலைகளும் பர்மாத் தேக்கால் ஆனவை. காடற்ற மாவட்டத்தில் இத்துணைத் தேக்கு நிறைந்ததற்குப் பின்னால் பர்மிய யானைகளின் உழைப்பு உள்ளது.

பச்சைத் தேக்கு நீரில் மிதப்பதில்லை. ஆகவே பர்மாவில் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, நின்றநிலையில் சுமார் மூன்றாண்டுகள் உலரவிட்டு, பின்னரே வீழ்த்தினர். உலர்ந்த கட்டையின் எடை மூன்றில் ஒரு பங்கு அளவு குறைவதால், மிதப்புக்காகச் செய்த இவ்வேலை யானையின் சுமையையும் குறைத்தது. யானைகள் கட்டைகளை ஓடைகளுக்கு இழுத்துவிட, மழைக்கால வெள்ளம் அவற்றை ஆறுகளில் சேர்த்தது. கடுங்கோடையில் யானைகளுக்கு ஓய்வு தரப்பட்டது. ஏறத்தாழ இருபது வயதில் முழுவேலையில் ஈடுபடும் யானை ஐம்பது வயதுக்கு மேலும் உழைத்தது.

இத்தொழிலின் அரசியல் எடை சிறிதன்று. 1863இல் நிறுவப்பட்ட பம்பாய் பர்மா வாணிகக் கழகம், வெட்டிய மரங்களைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாகக் குற்றஞ்சாட்டி மன்னர் தீபாவின் அரசு பெருந்தண்டம் விதித்தது. 1885ஆம் ஆண்டின் மூன்றாம் ஆங்கில – பர்மியப் போருக்கு அது உடனடிக் காரணமாயிற்று. பர்மாவில் நகரத்தாரின் வட்டித்தொழில் அதன்பின் பெரிதும் விரிந்தது. செட்டிநாட்டு வளவின் தேக்குத்தூண் இவ்வரலாறு முழுவதற்கும் சாட்சியாகிறது.

1902இல் மதுரை – மண்டபம் இருப்புப்பாதை பரமக்குடி வழியாகத் திறக்கப்பட்டது. நெடுந்தொலைவு மரத்தை எருது சுமக்கும் தேவை அத்துடன் குறைந்தது. ஆயினும் நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் இறுதித் தொலைவு வண்டிக்கே உரியதாக இருந்தது எனக் கொள்வதே பொருந்தும். எந்திரம் விலங்கை ஒரே நாளில் அகற்றவில்லை; அதன் வழியைச் சுருக்கியது.

எந்திரமும் எல்லையின் நீக்கமும்

பிற நாடுகளிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் எருதுத் தொடர்கள் கட்டை பாவிய தடங்களில் மரம் இழுத்தன. 1880களில் ஜான் டோல்பியர் அமைத்த நீராவி இழுவை எந்திரம் அவற்றின் இடத்தைப் பிடித்தது. அதற்குக் கழுதையின் பெயரே வழங்கியது. பறம்பிக்குளம் – சாலக்குடி இடையே 1907 முதல் 1963 வரை இயங்கிய கொச்சி வனத் தண்டவாளப்பாதை, யானை மட்டும் எட்டமுடியாத காட்டைத் தொழிலுக்குள் கொண்டுவந்தது. அங்கும் கட்டைகளைத் தண்டவாளம் வரை கொண்டுசேர்க்க யானை தேவைப்பட்டது. எந்திரம் வந்தபின் விலங்கின் வேலை குறைந்ததைவிட, விலங்கு வகுத்திருந்த எல்லையே முதலில் மறைந்தது எனலாம்.

விலங்கின் எல்லையைச் சட்டம் ஏற்றது மிகவும் பின்னரே. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் வகுக்கப்பட்ட இழுவை, சுமை விலங்கு விதிகள் பாரத்திற்கு உச்ச அளவு விதித்தன. நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரத்திற்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணிநேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் பகுதிகளில் நண்பகல் முதல் மூன்று மணி வரை பூட்டலாகாது. இராமநாதபுரக் கோடையில் இவ்விதி பல நாள்களுக்குப் பொருந்தும். குறள் 475 உவமையாகச் சொன்ன அச்சின் எல்லை, இங்கு உயிரின் எல்லையாகச் சட்ட வடிவம் பெற்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து ஆனைமலை காப்பகமானதும் மரம் இழுத்த யானைகளின் பணியை மாற்றின. கும்கிப் பணியும் காட்டுச் சுற்றுக்காவலும் இன்று முகாம் யானைகளின் வேலைகளாக உள்ளன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. யானை மரம் இழுத்ததற்குரிய பழந்தமிழ்ச் சான்றான பதிற்றுப்பத்துச் செய்தி, எருதுவண்டியின் ஒழுகை முறையையே யானைக்கும் கூறுகிறது. பிற்கால மரவெட்டில் யானை சங்கிலியால் தரையில் இழுத்தது இதனின்று வேறுபட்ட தொழில்நுட்பம்.

2. சமவெளியில் மரம் எருதின் அளவுக்குச் சிறிதாக்கப்பட்டது. மலையில் மரத்தின் அளவுக்கு ஈடாக யானை கொண்டுவரப்பட்டது. பனங்கையும் தேக்கு உத்தரமும் இவ்விரு முறைகளின் விளைவுகள்.

3. விலங்கின் உணவு, ஓய்வு, வெப்பம் தாங்கும் அளவு ஆகியவை மரவெட்டின் பருவத்தையும் பரப்பையும் கட்டுப்படுத்தின. அக்கட்டுப்பாடு காட்டைக் காக்கும் நோக்கில் அமைந்ததன்று. எனினும் அதன் விளைவாகச் சில காடுகள் எஞ்சின.

4. இழுவை சார்ந்த சொற்கள் தொழில்நுட்ப வரலாற்றின் சான்றுகள். தோட்டியும் நுகமும் தமிழின் தொன்மையையும், மாவுத்தரும் கும்கியும் பிறமொழித் தொடர்பையும் காட்டுகின்றன.

எருதுவண்டி அருகிவரும் இன்றைய சூழலில், குடமும் வட்டையும் ஏர்க்காலும் அகராதிச் சொற்களாக மட்டும் எஞ்சும் நிலை உருவாகியுள்ளது. கண்மாய்க் கருவேலை வெட்டவும் வண்டி செய்யவும் அறிந்த தச்சரும் கொல்லரும் வாழும் காலத்திலேயே, வைகைப் படுகை ஊர்களில் இச்சொற்களை அவற்றின் பொருளோடும் செய்முறையோடும் தொகுப்பது வட்டார வழக்கு ஆய்வின் உடனடிப் பணியாகிறது. அத்தொகுப்பு, கடல்கடந்தும் மலைகடந்தும் வந்த மரத்தின் வரலாற்றில் எருதுக்கும் யானைக்கும் உரிய இடத்தை உறுதிசெய்யும்.